தொட்டில் இருந்தது, குழந்தை இல்லை

வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் வாழும் அனிஷினாபே மக்களின் தொட்டில் பலகையும் பொம்மையும் பாசிமணி வேலையும் வெறும் கைவினைப் பொருள்கள் அல்ல. பறிகொடுத்த பிள்ளைகளின் கணக்கும் அவற்றில் இருக்கிறது.

சென்னையிலோ பெங்களூரிலோ சிக்னலில் நிற்கும் கார்களைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சிலவற்றில் ஓட்டுபவருக்கு மேலே இருக்கும் சிறிய கண்ணாடியிலிருந்து ஒரு வளையம் தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். வளையத்துக்குள் நூல் வலை, வலையில் இரண்டொரு மணி, கீழே சாயம் தோய்த்த இறகுகள். பெயர் 'ட்ரீம் கேட்சர்'. கெட்ட கனவுகளை வலையில் சிக்கவைத்துவிட்டு நல்ல கனவுகளை மட்டும் உள்ளே விடுமாம். வண்டி ஓட்டுகிறவருக்குக் கனவு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வளையத்தின் சொந்த இடம் கார் அல்ல. படுக்கையறைச் சுவரும் அல்ல. அது ஒரு கைக்குழந்தையின் முகத்துக்கு மேலே தொங்கியது. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சஸ் டென்ஸ்மோர், ஓஜிப்வே மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி 1929இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்திருக்கிறார். சுமார் மூன்றரை அங்குல விட்டமுள்ள மரவளையம், சிலந்தி வலை போலப் பின்னிய மெல்லிய நூல், அதற்குச் சிவப்புச் சாயம். கம்பளி நூல் வருவதற்கு முன்பு காட்டுச் செடியின் நாரைத் திரித்துப் பின்னினார்கள். தொட்டில் பலகையின் வளைவில் இப்படி இரண்டைத் தொங்கவிடுவது வழக்கம். சிலந்தி வலை பூச்சியைப் பிடிப்பதுபோல, காற்றில் வரும் தீங்கை இது பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

வளையத்தை உலகம் வாங்கிக்கொண்டது. அது தொங்கிய தொட்டிலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைகளைப் பற்றி விசாரிக்க அரசாங்கங்களுக்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அனிஷினாபே என்பது ஒரே ஓர் இனக்குழுவின் பெயரல்ல. ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி முதலான உறவுக்குழுக்கள் தங்களைச் சேர்த்து அழைத்துக்கொள்ளும் பெயர். சுப்பீரியர், ஹூரான், மிச்சிகன் ஏரிகளைச் சுற்றி, இன்றைய அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ, மனிடோபா மாகாணங்களிலும் வாழ்கிறார்கள். நம் பாடப்புத்தகங்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே பெட்டியில் அடைத்துவிட்ட நூற்றுக்கணக்கான மக்களில் இவர்களும் அடக்கம். இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் செய்த தவறை இந்தியாவில் இருக்கும் நாமும் தொடர்வதுதான் வேடிக்கை.

அவர்களுடைய வாழ்க்கை பருவத்தோடு நகர்ந்தது. வசந்தத்தின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தைக் கீறிப் பால் இறக்கிக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். கோடையில் மீனும் காட்டுப்பழமும். கோடை முடியும் சமயத்தில் ஏரியோரத்து நீர்ப்புல்லில் விளையும் 'மனோமின்' என்ற அரிசியைத் தோணியில் அமர்ந்தபடியே தட்டி உதிர்ப்பார்கள். பனிக்காலத்தில் வேட்டை. இத்தனை வேலையிலும் பெண்களுக்குப் பெரும் பங்கு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி? அதற்கான பதில்தான் 'டிகினாகன்' என்ற தொட்டில் பலகை.

பார்த்தால் எளிமையான சாமான். ஏறத்தாழ இரண்டடி நீளமுள்ள, கனமில்லாத மரப்பலகை. கீழ் முனையில் குழந்தையின் பாதங்களைத் தாங்க வளைந்த ஒரு மரத்துண்டு. மேல் முனையில் தலைக்கு முன்னால் வில் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளைவு. மரத்தை நனைத்து, வளைத்து, அப்படியே கட்டிக் காயவிட்டால் வளைவு நிற்கும். குழந்தையைத் துணியில் சுற்றிப் பலகையில் கிடத்தி, இருபுறத்துத் துணியையும் நாடாவால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். பலகையை முதுகில் சுமக்கத் தோல்பட்டை இருக்கும்; அது தாயின் நெற்றியிலோ மார்பிலோ குறுக்காக வரும். வேலை இடத்துக்குப் போனதும் பலகையை மரத்தில் சாய்த்து வைக்கலாம், கிளையில் மாட்டலாம்.

வளைவின் வேலை அழகு மட்டுமல்ல. பலகை குப்புற விழுந்தால் வளைவுதான் முதலில் தரையில் மோதும். குழந்தையின் முகம் தப்பும். வெயிலிலும் கொசுவிலும் அதன்மேல் துணியைப் போர்த்தலாம். பனியில் கம்பளி.

துணி டயப்பர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்பேக்னம் என்ற பாசியைச் சேகரித்து, பூச்சி போகும்படி நன்றாகக் காயவைத்து, குழந்தையைச் சுற்றிப் பொதிந்தார்கள். நனைந்ததை எறிந்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டியதுதான். அந்தப் பாசி தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். அமிலத்தன்மை உள்ளதால் கிருமிகள் எளிதில் பெருகாது. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பிய ராணுவ மருத்துவர்கள் காயங்களுக்கு வைத்துக் கட்டியது இதே பாசியைத்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தாய்மார்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

தூளியில் நம் குழந்தை சுருண்டு கிடந்து முகட்டைப் பார்க்கும். பலகையில் கட்டிய குழந்தை நிமிர்ந்து ஊரைப் பார்க்கும். பெரியவர்கள் அரிசி புடைப்பதையும் தோல் பதப்படுத்துவதையும் அவர்கள் முகத்துக்கு எதிரே இருந்து கவனிக்கும். அது விளையாட வளைவில் சிறுசிறு பொருள்களைத் தொங்கவிடுவார்கள். அவற்றோடு ஒரு சின்ன மணிப்பையும் இருக்கும். உள்ளே குழந்தையின் உலர்ந்த தொப்புள்கொடி. வெள்ளித் தாயத்தில் அதை அடைத்து அரைஞாணில் கட்டிய தமிழ் வீடுகளுக்கு, அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதை வாயால் சொன்னாலே போதும்.

இன்னொரு வழக்கம் மனத்தைப் பிசைவது. பச்சைக் குழந்தைக்குத் தைக்கும் மான் தோல் காலணியின் அடியில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டுவிடுவதுண்டு. மறு உலகத்து ஆவிகள் வந்து குழந்தையை உடன் வரச் சொன்னால், 'என் செருப்பு தேய்ந்துவிட்டது, இத்தனை தூரம் நடக்க முடியாது' என்று அது சொல்லித் தப்பித்துக்கொள்ளுமாம். பிறந்த குழந்தைகளில் பலர் தங்காத காலத்தில் தாய்மார்கள் யோசித்த தந்திரம்.

அப்படியும் போய்விட்ட குழந்தைகள் உண்டு. ஜெர்மானியப் பயணி யோஹான் கியோர்க் கோல் 1855இல் சுப்பீரியர் ஏரியின் லா பாயின்ட் தீவுக் குடியிருப்புக்கு வந்து தங்கினார். அங்கே ஒரு பெண்ணிடம் பொம்மை போன்ற ஒரு மூட்டையைப் பார்த்தார். இறந்த குழந்தையின் முடி, உடை, விளையாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றித் தொட்டில் பலகையில் வைத்துக் கட்டிய துக்கப் பொம்மை அது. குழந்தை உயிரோடு இருப்பதாகவே பாவித்து, அதைப் போகுமிடமெல்லாம் தூக்கிப் போவாள் தாய். பக்கத்தில் வைத்துக்கொள்வாள், உணவு படைப்பாள். இது சுமார் ஓராண்டு. மறு உலகத்துக்கு நடக்கத் தெரியாத பிள்ளைக்கு வழியில் துணை வேண்டும் அல்லவா என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். மனநல மருத்துவம் துக்கத்துக்குக் காலவரை வகுப்பதற்கு முன்பே இவர்கள் அதற்கு ஓர் உருவமும் ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள்.

எல்லாப் பொம்மையும் அழவைப்பதல்ல. சிறுமிகளுக்கு இலை, புல், கோரை, மரப்பட்டை எது கிடைத்தாலும் பொம்மைதான். பைன் மரத்தின் ஊசியிலைக் கொத்தைப் பெண்ணுருவம் போல நறுக்கி, தகரத் தட்டில் நிற்கவைத்து மெதுவாகத் தட்டை ஆட்டினால் பொம்மைகள் நடனம் ஆடும். டென்ஸ்மோர் இதையும் பதிவு செய்திருக்கிறார். பொம்மைக்கென்றே கைப்பிடி அளவில் தொட்டில் பலகையும் செய்தார்கள். பொம்மைக்குச் சட்டை தைத்துத்தான் பெண் குழந்தை ஊசி பிடிக்கப் பழகும். பொம்மையைப் பலகையில் கட்டித்தான் பிற்காலத்தில் தன் பிள்ளையைக் கட்டப் பழகும். விளையாட்டு என்று பேர், உண்மையில் பள்ளிக்கூடம்.

அடுத்த வகுப்பு பாசிமணி. கண்ணாடி மணி இந்த மண்ணுக்கு வந்தது ஐரோப்பிய வியாபாரிகளோடு. நீர்நாய் போன்ற பீவர் என்ற பிராணியின் தோலுக்கு ஐரோப்பாவில் கிராக்கி. தோல் போகும், வெனிஸிலும் பொஹீமியாவிலும் செய்த மணிகளும் எஃகு ஊசியும் வெல்வெட்டும் வரும். அதற்கு முன்னால் அலங்காரத்துக்கு முள்ளம்பன்றி முள்தான். முள்ளுக்குச் சாயமேற்றி, தட்டையாக்கி, தோலிலும் பிர்ச் மரப்பட்டையிலும் கோப்பார்கள். அந்தக் கலையும் செத்துவிடவில்லை. மிச்சிகனைச் சேர்ந்த ஒடாவா கலைஞர் இவான் வாக்கர் கெஷிக் முள் வேலைக்காக 2014இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார்.

மணியை அவர்கள் 'மனிடோமினென்ஸ்' என்கிறார்கள். பிரித்துப் பொருள் சொன்னால் 'சின்ன ஆவிப்பழம்'. ஆவி என்றால் பேய் அல்ல, தெய்வ சக்தி. கடல் கடந்து வந்த கண்ணாடித் துண்டுக்கு இப்படி ஒரு பெயர் வைத்து உள்ளூர்ச் சரக்காக்கிக்கொண்டார்கள்.

வேலைமுறை பொறுமையைச் சோதிப்பது. இரண்டு ஊசி வேண்டும். ஒன்றில் மணிகளைக் கோத்து, வரைந்த கோட்டின்மேல் படுக்கவைக்க வேண்டும். இன்னொன்றால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நூலைக் கீழே பிடித்துத் தைத்துக்கொண்டே வர வேண்டும். கொடி, இலை, பூ, மொட்டு, பழம் என்று காட்டில் இருப்பவை துணியில் வளரும். மணியின் அளவெண் கூடக்கூட மணி சிறுக்கும். 13ஆம் எண் மணி கடுகைவிடச் சிறியது. மாதிரிக்குப் படம் எங்கே? பிர்ச் பட்டையின் மெல்லிய ஏடு ஒன்றை உரித்து மடித்துப் பல்லால் கடித்து விரித்தால் இருபுறமும் ஒத்த பூ வரும். அதையே மாதிரியாக வைத்தவர்கள் உண்டு. வேண்டுமென்றே நிறம் மாறிய ஒரு மணியை நடுவில் சேர்ப்பவர்களும் உண்டு. குறையில்லாமல் படைப்பது மனிதர் வேலை அல்ல என்பதற்காக.

இந்தக் கலையின் உச்சம் தோளில் குறுக்காக மாட்டும் பெரிய பை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெண்கள் செய்து ஆண்கள் அணிந்தது. அகலமான பட்டை முழுக்க மணி, பையின் முகம் முழுக்க மணி. பை என்று பெயரே தவிர, பிற்காலத்துச் சிலவற்றில் கை நுழைக்க வாயே கிடையாது. மேற்கே இருந்த டக்கோட்டா மக்கள் ஒரு பைக்கு ஒரு குதிரை கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. ஒப்பந்தங்களில் நிலத்தைப் பறிகொடுத்து, ஒதுக்கிய எல்லைக்குள் முடக்கப்பட்ட காலத்தில்தான் இத்தனை பெரிய, இத்தனை பளபளப்பான பைகள் பிறந்தன என்பது கவனிக்க வேண்டியது. தோற்றுப்போன மக்கள் தோற்றவர்களைப் போல உடுத்த மறுத்தார்கள்.

அதே காலத்தில்தான் பள்ளிக்கூட வண்டியும் வந்தது.

1879இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கிய உறைவிடப் பள்ளி மற்றவற்றுக்கு முன்மாதிரி ஆயிற்று. முடியை வெட்டுவது, பெயரை மாற்றுவது, தாய்மொழி பேசினால் தண்டிப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் சேர்த்தி. அமெரிக்க உள்துறை அமைச்சகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய 417 பள்ளிகளைக் கணக்கெடுத்தது. குறைந்தபட்சம் 973 பிள்ளைகள் அங்கே இறந்ததை உறுதி செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி ஜோ பைடன் மன்னிப்புக் கேட்டார். கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்படிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் அதற்கு வைத்த பெயர் 'கலாசார இனப்படுகொலை'.

பொம்மைக்குச் சட்டை தைக்கும் வயதில் பெண் குழந்தை வீட்டில் இல்லை என்றால் கைவேலை யாரிடம் போகும்? கைகளுக்கு வேலை கொடுக்காமலும் விடவில்லை. மினசோட்டாவின் ஒயிட் எர்த்தில் 1890இல் சிபில் கார்ட்டர் என்ற மிஷனரிப் பெண்மணி ஓஜிப்வே பெண்களுக்கு ஐரோப்பிய லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அற்புதமாகப் பின்னினார்கள். மணி கோத்த விரல்களுக்கு அது கடினமா என்ன? சம்பாத்தியமும் வந்தது. ஆனால் அந்த லேஸில் அவர்களுடைய காட்டுப் பூ எதுவும் பூக்கவில்லை.

பள்ளிக்கூடம் ஓய்ந்த பிறகு தத்து வந்தது. 1978இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் வைக்கப்பட்ட புள்ளிவிவரம் இது: பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறு வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்தார்கள். மினசோட்டாவின் கணக்கு இன்னும் குரூரம். 1971–72இல் அங்கே ஒரு வயதுக்கு உட்பட்ட பழங்குடிக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு வயதுக்குள் என்றால் தொட்டில் பலகையில் இருக்க வேண்டிய வயது. கண்காட்சிக் கூடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பலகைகள் பத்திரமாக இருந்தன. பெரும்பாலும் சேகரித்தவர் பெயரோடு. செய்தவள் பெயர் இல்லாமல்.

அந்த அறிக்கையின் விளைவாக 1978இல் இந்தியக் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது. பிள்ளையை வெளியே அனுப்புமுன் உறவினரையும் சொந்தச் சமூகத்தையும் நாட வேண்டும் என்றது அது. சட்டம் செல்லாது என்று தொடுத்த வழக்கில் 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. எல்லைக்கு வடக்கே, ஒன்டாரியோவின் வடமேற்கில் பழங்குடிச் சமூகங்கள் 1980களில் தங்களுடைய குழந்தைகள் நல அமைப்பைத் தாங்களே தொடங்கியபோது என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? டிகினாகன்.

இத்தனைக்கும் நடுவே வேலை முற்றாக நின்றுவிடவில்லை என்றால் காரணம் பாட்டிகள். மினசோட்டாவின் மில் லாக்ஸைச் சேர்ந்த மாட் கெக் 1904இல் பிறந்தவர். தாய் இறந்துவிட, அம்மாவின் அம்மா வளர்த்தார். பாட்டியோடு மேப்பிள் காட்டுக்கும் அரிசி ஏரிக்கும் போய் வளர்ந்த பெண் ஓஜிப்வே மொழியையும் விடவில்லை, ஊசியையும் விடவில்லை. மில் லாக்ஸ் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்து, வந்தவர்களுக்குப் பழைய வாழ்க்கையைச் செய்தே காட்டினார். ஓஜிப்வே அகராதி உருவாக அவருடைய சொற்கள் பெரிதும் உதவின. மணி வேலைக்காக 1990இல் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. 1996இல் மறைந்தார். அவர் செய்த தோள்பைகளில் செய்தவர் பெயர் இருக்கிறது. இது சின்ன விஷயம் அல்ல. 2019இல் மினியாபொலிஸ் கலைக் கூடம் பழங்குடிப் பெண் கலைஞர்களுக்காக மட்டும் ஒரு பெரிய கண்காட்சி நடத்தியபோது, அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததே இல்லை என்பது பலருக்கு உறைத்தது.

மணி வேலை துக்கத்துக்கும் மீண்டும் பயன்பட்டது. காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களுக்காகக் காலணியின் மேல்துண்டை மட்டும் மணி வைத்துத் தைத்து அனுப்புங்கள் என்று 2012இல் மேட்டி இனக் கலைஞர் கிறிஸ்டி பெல்கோர்ட் வேண்டுகோள் விடுத்தார். கேட்டது 600 ஜோடி. வந்தது 1,700க்கு மேல். அனிஷினாபே பெண்கள் தைத்தவையும் அதில் உண்டு. உறைவிடப் பள்ளிக்குப் போய்த் திரும்பாத குழந்தைகளுக்காகச் சின்னஞ்சிறு துண்டுகளும் வந்தன. அடித்தோல் வைத்துத் தைக்காத, காலணியாகவே ஆகாத துண்டுகள். 2019 வரை ஊர் ஊராகத் தரையில் பரப்பிவைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தார்கள்.

தொட்டில் பலகையும் திரும்பி வருகிறது. பிரசவத்துக்கு முன்பே குடும்பத்தார் கூடிப் பலகை செய்யும் பயிற்சி முகாம்கள் பழங்குடிச் சமூகங்களில் நடக்கின்றன. ஆனால் பழையது என்பதாலேயே எல்லாம் நன்மை என்று சொல்லிவிட முடியாது. கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டுவதால் இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகலாம் என்பதை மருத்துவர்கள் நவஹோ மக்களிடம் கண்டறிந்தார்கள். மனிடோபாவின் ஐலண்ட் லேக் பகுதியில் வாழும் கிரீ-ஓஜிப்வே மக்களிடமும் இந்தக் குறை அதிகம் என்று 1970களில் ஆய்வுகள் சொல்லின. தொடைகளுக்கு நடுவே கனமாகத் துணி வைத்து, இடுப்புப் பக்கம் தளர்த்திக் கட்டினால் ஆபத்து குறைகிறது. பழைய நாளில் பாசியைத் தடிமனாகப் பொதிந்தது இதற்கும் உதவியிருக்கலாம்.

சந்தைதான் இன்னும் அடங்கவில்லை. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால், முதல் குற்றத்துக்கே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க 1990இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஆனால் அது தண்டிப்பது பொய்யான பெயர்ச்சீட்டை மட்டும்தான், நகலை அல்ல. ஆசியத் தொழிற்கூடங்களில் செய்து, எங்கே செய்தது என்ற சீட்டோடு விற்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மினசோட்டாவில் ஒரு பெண் பல வாரம் உட்கார்ந்து தைத்த வேலைக்கு அருகிலேயே, சில டாலருக்கு நெகிழி மணி வைத்த வளையம் தொங்குகிறது. எது மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்றைய அனிஷினாபே தாய் கடைக்கும் வேலைக்கும் காரில்தான் போகிறாள். சட்டப்படி குழந்தையைக் கார் இருக்கையில்தான் கட்ட வேண்டும். தொட்டில் பலகை அங்கே செல்லாது. அது பின்னால், சாமான்களோடு வருகிறது. இறங்கியதும் குழந்தையை எடுத்துப் பலகையில் வைத்து நாடாவை இழுத்துக் கட்டிக்கொள்கிறாள்.